எலக்ட்ரான் இறங்கினால் ஏற்றம்

சமன்பாடு என்று பெயர் வைப்பார்கள். அடுத்த வரியிலேயே 'சமன் செய்க' என்று கேட்பார்கள். சமனாக இருந்தால்தானே அது சமன்பாடு? சமனாக இல்லாத ஒன்றுக்கு எதற்கு இந்தப் பெயர்? பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பொதுத்தேர்வில் இந்த நியாயமான சந்தேகத்தை விடைத்தாளிலேயே எழுதிவைத்துவிட்டு வந்தேன். திருத்தியவர் சந்தேகத்தையும் தீர்க்கவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை.

பிளஸ் டூ என்பது வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. மண்ணூரிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான். மற்ற பாடங்களை எல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். வேதியியல் மட்டும் என்னைத் தாண்டவிடவில்லை. மார்ச்சில் விழுந்தேன். அக்டோபரில் விழுந்தேன். அடுத்த மார்ச்சிலும் விழுந்தேன். நான் விழுகிற மாதங்களை வைத்து ஊரில் நடவும் அறுவடையும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

நான் விழுந்ததற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். 'ஆக்ஸிஜனேற்றம்'. ஏற்றம் என்றால் என்ன? ஏறுவது. லாரியில் மூட்டை ஏற்றம் என்றால் லாரிக்கு மூட்டை வந்து சேர்கிறது. தலையில் படிப்பு ஏறியது என்றால் தலைக்கு ஏதோ கிடைக்கிறது. ஆனால் புத்தகம் என்ன சொல்கிறது? 'ஆக்ஸிஜனேற்றம் என்பது எலக்ட்ரான்களை இழத்தல்.' இழந்தால் ஏற்றமாம்! சரி, எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறவனுக்கு என்ன பெயர்? ஒடுக்கம்! கொடுக்கிறவன் ஏறுகிறான், வாங்குகிறவன் ஒடுங்குகிறான். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு சம்பவம் நடந்ததே கிடையாது.

அதனால் இழக்க வேண்டிய இடத்தில் நான் வாங்கினேன், வாங்க வேண்டிய இடத்தில் இழந்தேன். இந்தச் சொல் ஒரு பாடத்தோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். மின்கலத்தில் வந்தது, தாதுவிலிருந்து உலோகம் பிரிப்பதில் வந்தது, பெர்மாங்கனேட் கணக்கில் வந்தது. எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் நான் தலைகீழாக நின்றேன்.

என்னை வைத்து ஊர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். சொல்லப்போனால் முதலில் சிரித்தது நான்தான். சிரிப்பு நின்றது ஓர் ஆடி மாத மத்தியானம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்.

குன்றத்தூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். என் அப்பாவுக்கு அக்கா. அவளுடைய மகன் அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். அவனுக்கு என் தங்கையைக் கேட்டு அத்தை வருவது அது முதல் முறை அல்ல. தங்கை அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நான் விழுந்து விழுந்து நின்ற இடத்துக்கு அவள் நடந்தே வந்து சேர்ந்திருந்தாள். அதே பாடம், அதே புத்தகம். என் புத்தகம்தான்; அதிகம் உபயோகப்படாததால் புதிதுபோல் இருந்தது.

அத்தை கை கழுவ எழுந்து போனபோது அப்பா என் பக்கம் குனிந்தார்.

"டேய். ஒன் அத்த தை மாசமே வெச்சிக்கலாம்னு சொல்லிக்கினு கீறா. நான் இன்னாடா பதில் சொல்றது?"

"பாப்பா படிக்குதுன்னு சொல்லு நைனா."

"சொன்னேனே. 'மூத்தவனுக்கே ஏறல, எளயவளுக்கு எங்கருந்து ஏறும், ஒரே ரத்தம்தானே'ன்றா. அதுக்கு இன்னா சொல்றது?"

நான் ரசத்தைப் பார்த்தேன். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

"அக்கா அவ. எத்தினி வாட்டி இல்ல இல்லன்னு சொல்றது? எனக்கு ஒரு காரணம் குட்றா. ஐப்பசியில எழுதறியே, அதுல பாஸ் பண்ணு. 'பாரு, எங்க ரத்தத்துல ஏறுது'ன்னு சொல்லி, பொண்ணு பரீட்ச எழுதற வரைக்கும் தள்ளிடறேன். நீ ஊத்திக்கினா என்கிட்ட வாயி இல்ல. தை மாசம் கல்யாணம்."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அப்பா அதையே அவளிடமும் சொன்னார், இந்த முறை சத்தமாக, நிபந்தனைபோல. அத்தை என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரி தம்பி. அப்டியே ஆவட்டும். நான் பாத்திரம் வாங்க ஆரம்பிக்கறேன்."

அப்பா தன்னிடம் இருந்த ஒரே பந்தயக் குதிரைமேல் கட்டினார். குதிரைக்கு நான்கு காலும் நொண்டி என்று அவருக்குத் தெரியும். அவருக்கு வேறு குதிரை இல்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கையிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். தங்கை அழவில்லை. பையை மாட்டியபடியே பம்புசெட் பக்கம் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"நான் பரீட்ச எழுதறதும் எழுதாததும் உன் மண்டையில கீதாமே?"

"மண்டைக்குள்ள எடம் நெறைய கீது பாப்பா. காலியாத்தான் கீது."

"சிரிக்காதண்ணா. நீ சிரிச்சிக்கினே இருந்தா நான் தையில குன்றத்தூர்ல தோச ஊத்திக்கினு இருப்பேன்."

அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஆய்வுக்கூடத்தில் சில்வர் நைட்ரேட் பட்ட கறை. சோப்பு போட்டாலும் போகாது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். ஒருமுறை அத்தை அந்தக் கையைப் பிடித்து, "இன்னாடி இது, கை கறுப்பா கீது?" என்று கேட்டதற்கு, "வெள்ளி அத்தே. நக பண்றாங்களே, அதே வெள்ளி. நான் கையிலயே போட்டுக்கினேன்" என்றாள். பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, விடுகிற நிறமெல்லாம் மறைந்துகொண்டே வந்து, ஏதோ ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகி அப்படியே நின்றுவிடும் என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தைப் பார்த்து, எனக்கு ஏன் அந்தச் சொட்டு தெரியாமலே போனது என்று யோசித்தேன். நான் எப்போதும் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறவன்.

அன்றிலிருந்து தினமும் பம்புசெட் தொட்டிமேல் பாடம். அவள் ஆசிரியை, நான் மாடு.

"இரும்பு ஒரு எலக்ட்ரான உடுது. அதோட ஆக்ஸிஜனேற்ற எண் ரெண்டுலருந்து மூணுக்கு ஏறுது. உட்டா ஏறும். எங்க, சொல்லு."

"உட்டா ஏறும்."

"மாங்கனீசு அஞ்சு எலக்ட்ரான வாங்குது. அப்ப அதோட எண் ஏறுமா, எறங்குமா?"

"அஞ்சு வாங்கிச்சில்ல? ஜோரா ஏறும்."

அவள் தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளி என் முகத்தில் அடித்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் உண்மையாகவே முயன்றேன். சோறு இறங்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடும்போதுகூட எவ்வளவு கொடுக்கிறேன், மாடு எவ்வளவு வாங்குகிறது, இருவரில் யார் ஒடுங்குகிறோம் என்று பார்த்தேன். விதியை மனப்பாடம் செய்துவிடலாம், அது பெரிய காரியம் இல்லை. ஆனால் பேனாவைத் தொட்டதும் கை தன் இஷ்டத்துக்குப் போனது. 'ஏற்றம்' என்று கண்ணில் பட்டால் கை எலக்ட்ரானைக் கூட்டியது. பிறந்ததிலிருந்து தெரிந்த சொல் அது. புத்தகம் நேற்று வந்தது. கை யார் பேச்சைக் கேட்கும்?

ஆவணியில் ஒரு நாள் டிரங்க் ரோட்டுக்குப் போய் நின்றேன். பெங்களூர் போகிற லாரி ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, "வரியா?" என்றார். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். ஓடிப்போனால் வேதியியல் என்னைத் தேடி ஓசூர் வரை வராது. அப்புறம்தான் தோன்றியது. பரீட்சைக்கே போகாதவனும் விழுந்தவன்தான். நான் ஓடிப்போனால் தங்கைக்கு ஐப்பசி வரைகூட நேரம் இருக்காது. காலை எடுத்துவிட்டேன். "டைம் பாஸ் பண்றியா, பேமானி!" என்று டிரைவர் திட்டிவிட்டுப் போனார். பாஸ் என்ற சொல்லை என்னோடு சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் ஸ்ரீபெரும்புதூர் கடைக்கு அனுப்பினாள். பஸ் என்றால் அந்தக் காலத்து பஸ். காய்கறிக் கூடை, கோழி, பள்ளிப் பிள்ளைகள், குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டு வருகிற மொட்டைத்தலைகள் எல்லாம் அதற்குள். வண்டி இடது பக்கம் சாய்ந்து, படிக்கட்டு ரோட்டைத் தடவிக்கொண்டு போனது. நான் படியில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் என் செருப்பு ரோட்டில் தேய்ந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்றதும் நான் முதலில் குதித்தேன். பின்னால் ஜனம் இறங்கியது. கூடை இறங்கியது. கோழி இறங்கியது. மொட்டைத்தலைகள் இறங்கின. என் கண்ணெதிரே அந்தப் படிக்கட்டு மெல்ல மெல்ல மேலே எழும்பியது. என் கணுக்காலுக்கு நேராக இருந்தது முழங்காலுக்கு வந்தது. கடைசியாக இறங்கிய ஒரு கிழவி தரைக்குக் கால் எட்டாமல், "இன்னாடா வண்டி இது, எறங்க எறங்க மேல போவுது" என்று கத்தினாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"பாப்பா! எறங்கினா ஏறுது!"

"இன்னா ஆச்சு உனக்கு?"

"ஜனம் எறங்குது, பஸ்சு ஏறுது! எலக்ட்ரான் எறங்குது, எண் ஏறுது! ஏத்தம் எலக்ட்ரானுக்கு இல்லமே, வண்டிக்கு!"

தங்கை என்னைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். அப்போது பக்கத்து காஞ்சிபுரம் பஸ்ஸில் அதே கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வண்டி பெருமூச்சு விட்டபடி கீழே அமுங்கியது. அவள் அதைக் காட்டினாள்.

"அதோ ஒடுக்கம்."

நடு பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கிழவி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வண்டியில் இறங்கியவர்கள் எல்லாரும் இன்னொரு வண்டியில் ஏறியாக வேண்டும். ஒருத்தரும் ஸ்டாண்டிலேயே நின்று போண்டா தின்னக் கூடாது. அவ்வளவுதான் சமன் செய்வது. இரும்பு வண்டியில் ஒருத்தர்தான் இறங்குவார், மாங்கனீசு வண்டியில் ஐந்து பேர் ஏறலாம் என்றால் ஐந்து இரும்பு வண்டி வர வேண்டும். வந்தது. அன்று சாயங்காலம் தொட்டிமேல் உட்கார்ந்து பெர்மாங்கனேட்டைச் சமன் செய்தேன். தங்கை திருத்திவிட்டு என் தோளில் ஒரு குத்து குத்தினாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். முடிந்திருக்கவில்லை. தாமிரமும் நைட்ரிக் அமிலமும் பாக்கி இருந்தன. வருஷம் தவறாமல் கேட்கிற சமன்பாடு அது.

தாமிரத்தில் இரண்டு பேர் இறங்குவார்கள். நைட்ரிக் அமிலம் ஒன்று மூன்று பேரை ஏற்றிக்கொள்ளும். ஆக மூன்று தாமிரம், இரண்டு நைட்ரிக் அமிலம். ஆறு பேர் இறங்கி ஆறு பேர் ஏறியாகிவிட்டது. பஸ் கணக்கு பக்காவாக முடிந்துவிட்டது. ஆனால் நைட்ரஜனை எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் எட்டு. ஆறு நைட்ரஜன் எங்கிருந்தோ முளைத்து, தாமிரத்தோடு கைகோத்து நின்றது.

"அதுங்களும் நைட்ரிக் அமிலம்தான்ணா. ஆனா எலக்ட்ரான் வாங்காது. தாமிரத்துக்குத் தொணையா சும்மா நிக்கும். இந்தப் பக்கமும் அந்த ஆறச் சேத்துக்கணும்."

"சும்மா நிக்கறதுக்கு எதுக்கு அமிலம்?"

"எதுக்குன்னா? நிக்கும்ணா! அதான்!"

நான் அந்த ஆறையும் சேர்த்து எட்டு என்று எழுதுவேன். எட்டு என்று எழுதியதும் கை ஓடிப்போய் எட்டையும் மூன்றால் பெருக்கும். இருபத்து நான்கு எலக்ட்ரான். அதற்குப் பன்னிரண்டு தாமிரம் வேண்டும். பன்னிரண்டு தாமிரம் வந்தால் அதற்குத் துணைக்கு இன்னும் நைட்ரேட். அதையும் பெருக்குவேன். சமன்பாடு வீங்கிக்கொண்டே போய்ப் பக்கத்தை விட்டு வெளியே போகும். ஒரு நாள் அதில் தாமிரம் நூற்றுக்கும் மேல் போய்விட்டது. ஊரில் உள்ள குடம், தவலை எல்லாம் உருக்கினாலும் தேறாது.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சொன்னாள். ஒவ்வொரு சாயங்காலமும் நான் வீங்கவைத்தேன். என் கூட்டாளி ஒருவன் இருந்தான், தேவாலயத்துத் தெருக்காரன், வேதியியலில் என்னைப் போலவே பலமுறை விழுந்தவன். அவனையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவன் எழுதிய சமன்பாடு வீங்கவில்லை, ஆரம்பிக்கவே இல்லை.

ஐப்பசி பிறந்தது. அத்தை ஒரு நாள் வந்து, பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அரக்கு நிறம், சின்ன ஜரிகை. "சும்மா, புடிச்சிச்சி, வாங்கினேன்" என்றாள். தங்கை அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அம்மாதான் எடுத்து உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பங்கரையை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலமும் தொட்டிக்கு வந்தோம். நான் தாமிரத்தைப் போட்டேன். இருபத்து நான்கு வந்தது. தங்கை பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். திட்டவில்லை, தண்ணீரை அடிக்கவில்லை.

"ஏறலன்னா ஏறாதுண்ணா. உடு."

"பாப்பா, இன்னொரு வாட்டி..."

"உடுண்ணா. நீ இன்னா பண்ணுவ."

அவள் அடித்திருந்தால் தேவலை. விரல் கறையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போகாது என்று அவளுக்கே தெரியும், தேய்த்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒரு குழாயில் வந்து இன்னொரு வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பரீட்சை காஞ்சிபுரத்தில். விடிந்ததும் வருகிற முதல் பஸ். நானும் கூட்டாளியும் போக வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினால் தனியாக பஸ் ஏற விடமாட்டார்கள். தாம்பரம் போய்விட்டு மத்தியானம் திரும்புகிறவனுக்கும் ஒரு ஊர்வலம் உண்டு. எங்களுக்கு அம்மா வந்தாள். அடுத்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக வேண்டிய தங்கை, பையோடு வந்தாள். முந்தின நாளே வந்து தங்கியிருந்த அத்தை வந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். கூட்டாளியின் அம்மாவும் அவனுடைய அண்ணனும் வந்தார்கள். அப்பா மட்டும் வரவில்லை. வயல்வரப்பில் முதுகைக் காட்டியபடி நின்று, மண்வெட்டியால் எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே வெட்ட ஒன்றும் இல்லை.

கூட்டாளியின் அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, போனால் போகிறது என்று எனக்கும் ஒன்று போட்டாள். அதன்மேலேயே அத்தை விபூதி பூசினாள். என்ன வேண்டிக்கொண்டு பூசினாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணில் விழாமல் கையை அணை கொடுத்துத்தான் ஊதினாள். எந்தச் சாமி ஜெயிக்கும், யாருடைய வேண்டுதல் ஜெயிக்கும் என்று புரியாமல் என் நெற்றி குழம்பிப் போயிருந்தது.

பஸ் வந்தது. எல்லாரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் தலைகளை எண்ணிவிட்டு, பேசக்கூட இடம் கொடுக்காமல் டிக்கெட்டைச் சரசரவென்று கிழித்தார்.

"எட்டு! ஏறு ஏறு, உள்ள போ!"

நானும் கூட்டாளியும் ஏறினோம். ஆறு பேர் கீழேயே நின்றார்கள்.

"இன்னாய்யா, ஏறுங்க! எட்டு கிழிச்சிட்டேன்!"

"நாங்க வரல சார். வழியனுப்ப வந்தோம்" என்றாள் பெரியம்மா.

"அடப்பாவிங்களா! ரெண்டு பேரு போறதுக்கு ஆறு பேரு நின்னு வேடிக்க பாக்கறீங்களா? சும்மா நிக்கறவங்களுக்கெல்லாம் டிக்கெட்ட போட்டுட்டேனே! காலங்காத்தால பேஜாரு!"

வண்டி கிளம்பியது. தங்கை கையை ஆட்டவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சுங்குவார்சத்திரம் தாண்டும் வரை கண்டக்டர் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பினேன். முதலில் தேடியது அதைத்தான். இருந்தது. தாமிரம், நைட்ரிக் அமிலம், சமன் செய்க. மற்றக் கேள்விகளை எழுதினேன். பஸ் ஏறியும் இறங்கியும் பல இடங்களில் கை கொடுத்தது. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் கரையில் கால் எட்டவில்லை. அந்தச் சமன்பாடு வேண்டும்.

கடைசியில் அதற்கு வந்தேன். மூன்று தாமிரம். இரண்டு நைட்ரிக் அமிலம். ஆறு பேர் இறங்கி ஆறு பேர் ஏறியாயிற்று. நைட்ரஜனை எண்ணினேன். அந்தப் பக்கம் எட்டு. எட்டு என்று எழுதினேன். கை தன் பழைய வழக்கப்படி ஓடி எட்டை மூன்றால் பெருக்கியது. இருபத்து நான்கு. வீங்க ஆரம்பித்தது. அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி எட்டு, மறுபடி இருபத்து நான்கு. ஹாலில் பேப்பர் கட்டும் நூலைக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் அந்த அரக்குப் புடவை கிடந்தது கண்முன் தெரிந்தது. 'உடுண்ணா, நீ இன்னா பண்ணுவ' என்றது கேட்டது. விட்டுவிடலாம் என்றுதான் பேனாவை மூடப் போனேன்.

எட்டு. எட்டு கிழிச்சிட்டேன்யா.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பேர் வந்தது நிஜம். எட்டும் கணக்கில் உண்டு. ஆனால் டிக்கெட் இரண்டு பேருக்குத்தான்! அந்தக் கண்டக்டர் காலையில் ஒருமுறை செய்த தப்பை நான் புரட்டாசியிலிருந்து தினமும் செய்துகொண்டிருந்தேன். சும்மா நிற்பதற்கு எதற்கு அமிலம் என்று கேட்டேனே. சும்மா நிற்பதற்கு எதற்கு என் அம்மா, எதற்குப் பெரியம்மா? நிற்பார்கள். அதான். இரண்டு பேர் பயணம், ஆறு பேர் வழியனுப்ப. மூன்று தாமிரம், எட்டு நைட்ரிக் அமிலம். அந்தப் பக்கம் மூன்று தாமிர நைட்ரேட், இரண்டு நைட்ரிக் ஆக்ஸைடு, நான்கு தண்ணீர். எண்ணினேன். சரியாக இருந்தது. நம்பாமல் திரும்ப எண்ணினேன். அப்போதும் சரியாகவே இருந்தது. மணி அடித்தது. மேற்பார்வையாளர் என் தாளை இழுத்தபோது நான் விடவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "என்ன தம்பி, உங்க வீட்டுப் பத்திரமா?" என்றார்.

மார்கழியில் முடிவு வந்தது. பேப்பரை டீக்கடையிலிருந்து கூட்டாளிதான் கொண்டுவந்தான்.

"வாத்யாரே, உன் நம்பர் கீது. என் நம்பரத்தான் பேப்பர்க்காரன் மறந்துட்டான்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. நான் பலமுறை சிரித்தது. அவன் அதற்கப்புறம் எழுதவில்லை. பாடி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான்.

அப்பா அந்த எண்ணைத் தன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். தொட்டார். வயலிலிருந்து வந்த சேற்று விரல், எண் அழிந்தே போனது. நேரே உள்ளே போய், முடிவு கேட்க வந்திருந்த அத்தையிடம், "அக்கா, ஏறிட்ச்சி" என்றார். பிறகு மதிப்பெண் பட்டியல் வந்தபோது பார்த்தேன். மயிரிழையில் தாண்டியிருந்தேன். அந்தச் சமன்பாடு இல்லாவிட்டால் மறுபடி மார்ச் மாதம் என் மாதம்.

அத்தை கோபப்படவில்லை. புடவையை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. "தை இல்லன்னா சித்திர. பொட்டியிலயே இருக்கட்டும்" என்றாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் சித்திரை வரைக்கும் தொங்கிக்கொண்டே இருந்தது. என் தங்கை செய்முறைத் தேர்வுக்குப் போகும் வரைக்கும், எழுதி முடிக்கும் வரைக்கும், அதற்கப்புறம் அவளுக்காக அப்பா இன்னொரு காரணம் தேட ஆரம்பிக்கும் வரைக்கும். அந்தக் காரணத்தை அவளே கொண்டுவந்து கொடுத்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் மதிப்பெண்ணைச் சொன்னால் என்னுடையதை யாராவது கேட்பார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது தை பிறந்த பிறகு வந்த முதல் பள்ளிக்கூட நாள். கல்யாணம் நடந்திருக்க வேண்டிய மாதம். தங்கை எப்போதும்போலப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை, கூடவே போனேன். பஸ் சாய்ந்தபடி வந்தது. அவள் கூட்டத்தில் நுழைந்து ஏறினாள். அவள் எடைக்கு வண்டி ஒரு நூல் கீழே அமுங்கியது, நான் பார்த்தேன். கறுத்த விரல் நான்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

அதே கண்டக்டர். டிக்கெட் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"யோவ், நீ ஏறுறியா, வேடிக்கயா?"

"வேடிக்கதான்ணே" என்றேன். "ஒண்ணே ஒண்ணு கிழிங்க."